30 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் டீசலா?

பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கம் உள்ள செம்பனைத் தோட்டங்களில் பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. பதினைந்து, இருபது வயதான டீசல் வண்டிகள். அவற்றில் பல ஆட்டோ கியர். விடியற்காலைப் பெரட்டுக்குப் போவது, ஆட்களை இறக்கிவிடுவது, பழக்குலை குவித்த இடங்களைப் பார்ப்பது, ஆலைக்கும் அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் வருவது எல்லாம் அந்த ஒரே வண்டியில்தான். ஒரு காலை வேளையில் அது ஓடும் தூரம் 30 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். குடிக்கும் டீசல் 5 லிட்டர். அதே வண்டி நெடுஞ்சாலையில் 5 லிட்டருக்கு ஏறக்குறைய 50 கி.மீ. ஓடும். தோட்டத்துக்குள் மெதுவாகத்தானே போகிறது? மெதுவாகப் போனால் எண்ணெய் மிச்சம் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்வியை உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருக்கலாம். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து ஒரே நாளில் 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியது. எல்லோருக்கும் பொதுவாக இருந்த உதவித்தொகை நீக்கப்பட்டது. தகுதியுள்ள டீசல் வாகன உரிமையாளர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் ரொக்க உதவி வந்தது. பின்னர் விலை ஏறி இறங்கத் தொடங்கியது. இந்தக் கட்டுரையின் கணக்குகளுக்கு 3.35 ரிங்கிட்டையே வைத்துக்கொள்வோம். நீங்கள் வீட்டில் கணக்குப் போடும்போது அந்த வார விலையைப் போடுங்கள்.

நம் வண்டிக்கு மட்டும் பார்த்தால், ஒரு காலைக்கு 5 லிட்டர் என்றால் விலையேற்றத்தால் கூடியது 6 ரிங்கிட். மாதம் 26 வேலை நாள் என்றால் 156 ரிங்கிட். இதை வண்டிக்குள்ளேயே தேடி எடுக்க முடியுமா என்று பார்ப்போம். புதிய வண்டி வாங்குவது இங்கே பேச்சு இல்லை. படிவம் 4 இயற்பியலில் வரும் விசையும் இயக்கமும் போதும்.

முதலில் நேர்க் கணக்கு

சமதளத்தில் சீராக ஓடும் வண்டியை இரண்டு விசைகள் பின்னே இழுக்கின்றன. ஒன்று டயரின் உருளல் தடை. டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, மறுபடி நிமிர்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் நிமிரும்போது திரும்பி வருவதில்லை. கொஞ்சம் வெப்பமாகப் போய்விடுகிறது. தார்ச் சாலையில் இந்தத் தடை வண்டியின் எடையில் ஏறக்குறைய 1.5 விழுக்காடு. நம் வண்டியின் நிறை 2,000 கிலோகிராம். எடை 19,600 நியூட்டன். அதில் 1.5 விழுக்காடு 294 நியூட்டன், சுமாராக 300. இந்த விசை வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறாது.

இரண்டாவது காற்றுத் தடை. இது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்கு. பெட்டி போல உயர்ந்து நிற்கும் பழைய ஃபோர்வீல் வண்டிக்கு மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இது வெறும் 50 நியூட்டன். 90 கி.மீ. வேகத்தில் 470. 110 கி.மீ. வேகத்தில் 700.

மேடு ஏறுவதற்கான விசையை நான் சேர்க்கவில்லை. வட சிலாங்கூரின் கடற்கரைச் சமவெளியில் மேட்டைக் காரணம் சொல்ல வழியில்லை. தஞ்சோங் காராங்கிலிருந்து சபாக் பெர்ணம் வரை போய்ப் பாருங்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் வயலும் செம்பனையும்தான்.

தோட்டத்துக்குள் 30 கி.மீ. வேகத்தில் மொத்தத் தடை 350 நியூட்டன். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை. 350 × 30,000 மீட்டர் = 10.5 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஆனால் அதில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது கால் பங்கு மட்டும். மிச்சம் முக்கால் பங்கு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகவும், இயந்திரம், கியர் பெட்டி இவற்றின் உராய்விலும் போய்விடும். ஆக 10.5 மெகாஜூல் வேலைக்கு 42 மெகாஜூல் டீசல் வேண்டும். அது 1.2 லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு.

கணக்கு 1.2 லிட்டர் என்கிறது. நிஜத்தில் போனது 5 லிட்டர். கணக்கு தப்பு என்று காகிதத்தைக் கசக்கிவிடாதீர்கள். இப்படி ஒரு பெரிய இடைவெளி கிடைப்பதுதான் நல்ல விஷயம். எதை நாம் சேர்க்க மறந்தோமோ அதில்தான் டீசல் ஒளிந்திருக்கிறது.

மறந்தவை எவை?

தோட்டத்துக்குள் தார்ச் சாலை இல்லை. மழையில் ஊறிய செம்மண் பாதை. அங்கே டயர் மட்டும் நசுங்குவதில்லை, மண்ணும் நசுங்குகிறது. நசுங்கிய மண் திரும்ப நிமிர்ந்து நமக்கு ஆற்றலைத் தரப்போவதில்லை. உருளல் தடை எளிதாக இரண்டு மடங்காகும், அதாவது 600 நியூட்டன். 30 கி.மீ. தூரத்துக்கு அதற்கு மட்டும் 2 லிட்டர்.

பிறகு நின்று நின்று புறப்படுவது. 30 கி.மீ. வேகத்தில் ஓடும் 2 டன் வண்டியின் இயக்க ஆற்றல் சுமார் 70 கிலோஜூல். பிரேக்கை மிதித்தால் அத்தனையும் பிரேக்கில் வெப்பமாகிறது. மறுபடி அதே வேகத்துக்கு வர 8 மில்லிலிட்டர் டீசல். ஒரு காலைக்கு 40 இடத்தில் நின்றால் 0.3 லிட்டர். நான் இதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் கணக்குப் போட்டேன். மெதுவாக ஓடுவதால் இங்கே இழப்பு சிறிதாக இருக்கிறது. வேகம் 60 ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இது நான்கு மடங்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய கள்ளன் அடுத்தது. வண்டி நிற்கும்போதும் இயந்திரம் ஓடுகிறது. 2.5 முதல் 3 லிட்டர் கொள்ளளவுள்ள பழைய டீசல் இயந்திரம், ஏர்கோனோடு சும்மா நின்றால் மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் குடிக்கும். 30 கி.மீ. தூரத்தை 30 கி.மீ. வேகத்தில் ஓட ஒரு மணி நேரம் போதும். ஆனால் காலைச் சுற்று மூன்று மணி நேரம் ஆகிறது. மீதி இரண்டு மணி நேரம் வண்டி நிற்கிறது. பெரட்டு முடியும் வரை, ஆலை எடைமேடையில் முறை வரும் வரை, அலுவலகத்தில் கையொப்பம் வாங்கும் வரை. அதற்கு 2 லிட்டர். அந்த 2 லிட்டரில் வண்டி ஒரு மீட்டர்கூட நகரவில்லை.

இப்போது கூட்டுங்கள். சாலை 2, நிற்பது 2, புறப்படுவது 0.3, காற்று 0.2. மொத்தம் 4.5 லிட்டர். மிச்சம் அரை லிட்டரை ஆட்டோ கியர் விழுங்கியிருக்கிறது.

நேருக்கு நேர் இரண்டு விசிறி

கைக் கியர் வண்டியில் இயந்திரத்தையும் கியர் பெட்டியையும் கிளட்ச் தட்டு இறுக்கமாகப் பிணைக்கிறது. ஆட்டோ வண்டியில் அந்த இடத்தில் எண்ணெய் நிரம்பிய ஒரு கலம் இருக்கிறது. டார்க் கன்வெர்ட்டர் என்பார்கள். இரண்டு மேசை விசிறிகளை நேருக்கு நேர் வைத்து, ஒன்றை மட்டும் மின்சாரத்தில் ஓட விடுங்கள். காற்று பட்டு மற்றதும் சுழலத் தொடங்கும். ஆனால் அதே வேகத்தில் சுழலாது. எப்போதும் கொஞ்சம் பின்தங்கும். கன்வெர்ட்டரில் காற்றுக்குப் பதில் எண்ணெய். பின்தங்கும் அந்த வித்தியாசம் எண்ணெயைக் கலக்கிச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் கியர் எண்ணெய்க்குத் தனிக் குளிரூட்டிக் குழாய் போட்டிருக்கிறார்கள். குளிரூட்ட வேண்டிய அளவு சூடு வருகிறது என்றால் அது எங்கிருந்து வந்தது? டீசலிலிருந்துதான்.

இதைத் தெரிந்துதான் தயாரிப்பாளர்கள் உள்ளே ஒரு பூட்டுக் கிளட்சையும் வைத்தார்கள். வேகம் போதுமான அளவு வந்ததும் அது இரண்டு விசிறிகளையும் ஒன்றாகப் பூட்டிவிடும். பிறகு நழுவல் இல்லை. பழைய நான்கு கியர் ஆட்டோக்களில் இது பெரும்பாலும் மேல் கியரில், மணிக்கு 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் நடக்கும். தோட்டத்துக்குள் அந்த வேகம் வராததால் அங்கே பூட்டும் இல்லை. கன்வெர்ட்டர் காலை முழுவதும் எண்ணெயைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது.

பூட்டு விழுவதை முன் இருக்கையில் உட்கார்ந்தே நீங்கள் கண்டுபிடிக்கலாம். கூட்டரசுச் சாலை 5-இல் அப்பா 80 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டும்போது இயந்திரச் சுழற்சி காட்டும் முள்ளைப் பாருங்கள். வேகம் மாறாமலே முள் 200, 300 சுழற்சி சட்டென்று இறங்கினால் அதுதான் பூட்டு. மிதியைக் கொஞ்சம் அழுத்தினால் மறுபடி ஏறும்.

நான்காவது கியர் போன பிறகும் அந்த இறக்கம் வரவே இல்லையா? இரண்டு சாதாரணக் காரணங்களை முதலில் பாருங்கள். மீட்டர் பலகையில் 'ஓ/டி ஆஃப்' விளக்கு எரிகிறதா? கியர் தண்டின் பக்கவாட்டிலுள்ள பொத்தானில் யாராவது கை பட்டு அழுத்தியிருந்தால் மேல் கியரே விழாது. வண்டி மூன்றாவது கியரில் உறுமிக்கொண்டே கோலாலம்பூர் வரை போய் வரும்.

இரண்டாவது காரணம் தெர்மோஸ்டாட். இயந்திரத்திலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் நீரைச் சூடு ஏறும் வரை தடுத்து நிறுத்தும் சிறு அடைப்பு அது. 80 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே திறக்கும். நம் ஊர் வெயில் ஊர், இது எதற்கு என்று சில பட்டறைகளில் கழற்றிப் போட்டுவிடுவார்கள். வண்டி சூடேறுகிறது என்ற புகாருக்கு அதுவே சுலபமான வைத்தியம். ஆனால் வெளியே 33 பாகை வெயில் அடித்தாலும் இயந்திரத்துக்கு அது குளிர்தான். குளிர்ந்த இயந்திரத்தில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், உராய்வு கூடும், டீசலும் முழுதாக எரியாது. மேலும் பல வண்டிகளில் நீர் சூடேறும் வரை பூட்டுக் கிளட்சுக்குக் கணினி அனுமதி தராது. விலை மலிவான ஒரு பாகம் இல்லாததால் இயந்திரமும் கியரும் சேர்ந்து நட்டப்படுகின்றன. வெப்பமானியின் முள் அரை மணி ஓட்டிய பிறகும் கீழேயே கிடந்தால் மெக்கானிக்கிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள். சூடேறுவதற்கு உண்மையான காரணம் அடைத்துப்போன ரேடியேட்டராகவும் இருக்கலாம், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேற்றுக்கு 4எச் போட்டுவிட்டு, தார்ச் சாலைக்கு வந்த பிறகு 2எச்சுக்கு மாற்ற மறப்பவர்கள் உண்டு. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் போக வேண்டும். சாதாரண வகை வண்டிகளில் 4எச் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழலும்படி கட்டிப்போடப்படுகின்றன. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்க முடியாது. அச்சுகள் முறுக்கேறி, டயர் தேய்ந்து, டீசலும் போகும். நடுவில் தனி டிஃபரன்ஷியல் உள்ள சில பஜேரோ வகைகளுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

தோட்டத்துக்கு ஒரு வைத்தியம், நெடுஞ்சாலைக்கு வேறு

இப்போது 5 லிட்டரை எப்படிக் குறைப்பது என்று பார்ப்போம். செம்மண் பாதையை நம்மால் மாற்ற முடியாது. கன்வெர்ட்டரையும் மாற்ற முடியாது. நிற்கும் நேரத்தை மாற்றலாம். இரண்டு மணி நேரத்தில், 40 சிறு நிறுத்தங்களுக்கும் சேர்த்து அரை மணி என்று வைப்போம். அவற்றுக்கெல்லாம் இயந்திரத்தை நிறுத்தி நிறுத்திக் கிளப்பினால் ஸ்டார்ட்டரும் பேட்டரியும்தான் தேயும். விட்டுவிடலாம். மீதி ஒன்றரை மணி நேரம் பெரட்டு, ஆலை, அலுவலகம், பட்டறை என்று ஐந்தாறு நீண்ட நிறுத்தங்கள். அங்கே மட்டும் சாவியைத் திருப்பினால் 1.5 லிட்டர் மிச்சம். ஒரு காலைக்கு 5 ரிங்கிட். மாதத்துக்கு 130 ரிங்கிட். விலையேற்றத்தால் கூடிய 156 ரிங்கிட்டில் பெரும்பகுதி, ஒரு காசு செலவில்லாமல் திரும்பி வந்துவிட்டது.

ஏர்கோன் இல்லாமல் வெயிலில் உட்கார முடியாது என்பார்கள். நியாயம்தான். செம்பனை நிழலைத் தேடி நிறுத்துவதற்குத் தோட்டத்தில் மரத்துக்கா பஞ்சம்?

நெடுஞ்சாலையில் கதை தலைகீழ். ஈஜோக்கிலிருந்து கிழக்கே போகும் லாத்தார் நெடுஞ்சாலையில் வண்டி நிற்பதில்லை, பூட்டுக் கிளட்ச் விழுந்திருக்கும், சாலையும் மழமழப்பு. அங்கே எதிரி காற்று. 110 கி.மீ. வேகத்தில் டயரும் காற்றும் சேர்ந்து 1,000 நியூட்டன். 90-இல் 770. அதே கால் பங்குக் கணக்கைப் போட்டால் 100 கி.மீ. தூரத்துக்கு முதலாவதற்கு 11.1 லிட்டர், இரண்டாவதற்கு 8.6 லிட்டர். வித்தியாசம் 2.5 லிட்டர், 8 ரிங்கிட்டுக்குச் சற்று மேலே. நேரத்தில் இழப்பது 12 நிமிடம். நிஜத்தில் வித்தியாசம் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஏனென்றால் சுமை கூடும்போது டீசல் இயந்திரத்தின் திறனும் கொஞ்சம் கூடுகிறது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் அளவு இருக்கும்.

கூரையில் வெறுமனே கிடக்கும் சாமான் தட்டைக் கழற்றினால் நெடுஞ்சாலையில் பலன் உண்டு, தோட்டத்துக்குள் பலன் இல்லை. பின்பெட்டியில் மறந்துபோன 100 கிலோ பழைய இரும்பை இறக்கினால் இரண்டு இடத்திலும் பலன் உண்டு. உருளல் தடை எடையோடு நேர்விகிதத்தில் போவதால் 2,000 கிலோவுக்கு அது 5 விழுக்காடு. டயர் காற்றும் அப்படித்தான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை கிலோபாஸ்கல் என்று அச்சிட்டிருப்பார்கள். எண்ணெய் நிலையத்துக் காற்றுக் கருவியில் அதே எண்ணை அழுத்தினால் போதும். டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தில் அடிக்க வேண்டும். நீண்ட தூரம் ஓடிய டயரில் காற்று சூடாகி அழுத்தம் கூடியிருக்கும். அப்போது அளந்தால் நிறைய இருப்பதுபோலத் தெரிந்து ஏமாந்துவிடுவோம்.

இறக்கத்திலும் சிக்னலுக்கு முன்பும் கியரை 'என்'னில் போட்டு உருட்டுவது சிலருக்குப் பழக்கம். டீசல் மிச்சம் என்று நினைப்பு. உண்மை வேறு. கியர் 'டி'யில் இருக்க, காலை மிதியிலிருந்து எடுத்தால் சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றுகின்றன. பம்ப் டீசலை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிடும். 'என்'னில் போட்டால் இயந்திரம் அணையாமல் இருக்க அது டீசல் அனுப்பித்தான் ஆக வேண்டும். மிச்சத்துக்குப் பதில் செலவு, அதோடு அவசரத்துக்கு வண்டி கட்டுப்பாட்டில் இருக்காது.

கறுப்புப் புகை வருகிறதா? அது எரியாத கரி, அதாவது காசு கொடுத்து வாங்கிய டீசல். டீசல் இயந்திரத்தில் காற்று குறைந்தால் எரிதல் குறைபடும். வறட்சிக் காலத்தில் செம்மண் தூசி காற்று வடிகட்டியை அடைத்துவிடும். தோட்டத்தில் ஓடும் வண்டிக்குப் பட்டணத்து வண்டியின் கால அட்டவணை பொருந்தாது, அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். வடிகட்டி சுத்தமாக இருந்தும் புகை வந்தால் டர்போ குழாயில் கசிவா, இன்ஜெக்டரா என்று பார்ப்பது மெக்கானிக்கின் வேலை. நீங்கள் வண்டிக்கு அடியில் புகவேண்டாம்.

டாங்கிக்குள் செம்பனை

பயோடீசல் வந்த பிறகுதான் வண்டி அதிகம் குடிக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. இதையும் எண்ணில் வைத்துப் பார்ப்போம். மலேசியாவில் வணிக முறையில் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917-இல், இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில். பெயரைக் கேட்டால் தமிழ்க் காதுக்குத் தென்னைதான் நினைவுக்கு வரும். நட்டவர் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கியவர். அன்று நட்ட மரத்தின் வம்சம் இன்று டாங்கிக்குள் இருக்கிறது. 2019 முதல் போக்குவரத்துத் துறைக்கு பி10, அதாவது 10 விழுக்காடு செம்பனை எஸ்டர் கலந்த டீசல் விற்பனைக்கு வந்தது.

எஸ்டரின் மூலக்கூற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. ஏற்கனவே ஆக்சிஜனோடு சேர்ந்திருப்பதால் எரியும்போது அது தரும் வெப்பம் சற்றுக் குறைவு. லிட்டருக்கு 36-க்குப் பதில் சுமார் 33 மெகாஜூல். பத்தில் ஒரு பங்குதான் எஸ்டர் என்பதால் கலவையில் குறைவது 0.3 மெகாஜூல், ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. 5 லிட்டரில் 50 மில்லிலிட்டருக்கும் குறைவு. நின்றுகொண்டே குடித்த 2 லிட்டரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் பழைய வண்டிக்கு வேறொரு கவனிப்பு தேவை. எஸ்டர் நல்ல கரைப்பான். பல வருடமாக டாங்கியில் படிந்த கசடைக் கிளப்பி வடிகட்டிக்குக் கொண்டுவரும். ஈரத்தையும் கூடுதலாக ஈர்க்கும். டீசல் வடிகட்டியை நேரத்துக்கு மாற்றி, அடியில் தேங்கும் நீரை வடித்துவிட்டால் பிரச்சினை இருக்காது.

அளந்தால்தான் தெரியும்

டீசல் குழாயில் மாட்டும் காந்தம், டாங்கியில் போடும் மாத்திரை, இன்னும் என்னென்னவோ விற்கிறார்கள். டீசல் மூலக்கூறு காந்தத்துக்கு மசியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதுபோன்ற கருவிகள் நூற்றுக்கு மேல் ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க மிச்சம் தரும் எதையும் காணவில்லை. ஆனாலும் வாங்கியவர் 'என் வண்டியில் வித்தியாசம் தெரிந்தது' என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. அளந்த விதத்தில் கோளாறு.

சரியான முறை எளிது. டாங்கியை நிரப்பி, குழாய் முதல்முறை தானாக நின்றதும் நிறுத்துங்கள். ஓடிய தூரத்தைக் குறியுங்கள். அடுத்த முறையும் அதே நிலையம், அதே பம்ப், அதே முதல் நிறுத்தம். இடையில் ஊற்றிய லிட்டரை ஓடிய தூரத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். டீசல் நுரைப்பதால் 'நிறைந்தது' என்பதில் ஒரு லிட்டர் முன்பின் ஆகும். 10 லிட்டர் மட்டும் ஊற்றி அளந்தால் அந்த ஒரு லிட்டர் 10 விழுக்காடு பிழை. 5 விழுக்காடு மிச்சம் தரும் எதையும் அதில் காணவும் முடியாது, மறுக்கவும் முடியாது. 60 லிட்டர் ஊற்றும்போது அதே பிழை 2 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடும். எனவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறைந்தது இரண்டு முழு டாங்கி. ஒரே வாரத்தில் டயரும் மாற்றி, வடிகட்டியும் மாற்றி, மாத்திரையும் போட்டால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அறிவியல் கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றைக் கட்டுப்படுத்துகிறீர்களே, அதேதான் இது. தோட்ட ஓட்டத்தையும் நெடுஞ்சாலை ஓட்டத்தையும் கலக்காமல் தனித்தனியாக எழுதுங்கள். வண்டி நின்ற நிமிடங்களுக்கும் நோட்டில் ஒரு பத்தி போடுங்கள்.

அழகுக்காகப் பெரிய டயர் மாட்டிய வண்டியாக இருந்தால் தூரமானியையும் நம்பக்கூடாது. அது சக்கரம் சுற்றிய எண்ணிக்கையைத்தான் எண்ணுகிறது. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போகும், மானி குறைத்துக் காட்டும். இதைச் சோதிக்கக் கூட்டரசுச் சாலை 5-இன் ஓரத்திலுள்ள கிலோமீட்டர் கற்கள் போதும். 20 கல் தூரத்துக்கு மானி 19 என்று காட்டினால், அது காட்டும் எல்லாத் தூரத்தையும் 20/19-ஆல் பெருக்க வேண்டும். 100 கி.மீட்டருக்கு 12 லிட்டர் என்று அதுவரை நோட்டில் எழுதியது உண்மையில் 11.4 லிட்டர்.